எதிராளியின் தவறுக்கு என்ன விலை? நான்கு கணக்கு முறைகள், ஓர் ஒப்பீடு

மர்பி டவுனில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், ஞாயிறு மாலை வெயில் தாழ்ந்ததும் பாய் விரித்து ஆறு பேர் போக்கர் ஆடுவோம். காசு வைப்பதில்லை. கழுவிக் காயவைத்த புளியங்கொட்டைதான் எங்களுக்குச் சிப். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. எங்களுக்கு அதனால் இழப்பு ஒன்றுமில்லை. கணக்கு கற்கப் புளியங்கொட்டை போதும்.

போன மாதம் ஓர் ஆட்டம். தரையில் நாலு சீட்டு, அதில் இரண்டு ஆட்டின் (இதயச் சீட்டு). பாட்டில், அதாவது நடுவில் குவிந்த பந்தயத்தில், 100 சிப். நான் 100 பெட் வைத்தேன்.

"மடிச்சிடுங்க மாமா."

"போடா, ஒரு ஆட்டின் விழாமலா போயிடும்?" என்று மாமா நூறை எண்ணித் தள்ளினார். கடைசிச் சீட்டு ஆட்டினாகவே விழுந்தது. அவர் கையிலும் இரண்டு ஆட்டின். ஐந்தும் ஒரே இனமாகி ஃப்ளஷ் சேர்ந்துவிட்டது, 300 சிப்பையும் அள்ளிக்கொண்டார்.

ஆனாலும் தவறு மாமாவுடையதுதான். அவர் பார்க்காத சீட்டு 46, அதில் ஆட்டின் 9. 46 முறை இதே இடத்தில் அந்த நூறைப் போட்டுக் கால் செய்து, அதன்பின் யாரும் பெட் வைக்காவிட்டால், 9 முறை 200 கிடைக்கும், 37 முறை 100 போகும். கூட்டிக் கழித்து 46ஆல் வகுத்தால், ஒவ்வொரு காலுக்கும் சராசரி 41 சிப் நஷ்டம். மடித்திருந்தால் நஷ்டமே இல்லை. அந்தத் தவறின் விலை 41 சிப். அன்று சீட்டு அவருக்குச் சாதகமாக விழுந்ததால் விலை மாறிவிடாது.

எதிராளியின் தவறுக்கு இப்படி விலை போட நான்கு வழிகள் உண்டு.

1. மனக்கணிப்பு

"மாமா எதையும் மடிக்க மாட்டார், தம்பி பயந்தாங்கொள்ளி" என்று மனசில் குறித்துக்கொள்வது. செலவில்லாதது, உடனே கைகொடுப்பது. ஆனால் மனசு பெரிய பாட்டை மட்டுமே நினைவில் வைக்கும், சின்னச் சின்ன விட்டுக்கொடுப்புகள் அதில் தங்காது. யாரைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது போதும். எவ்வளவு என்று கேட்டால் இதனிடம் பதில் இல்லை.

2. வரவு நோட்டு

ஒவ்வொரு வாரமும் யார் எவ்வளவு ஜெயித்தார், தோற்றார் என்று எழுதிவைப்பது. பார்க்க நேர்மையான கணக்கு, நம்பினால் ஏமாற்றும். வாரம் மூன்று மணி நேரம், மணிக்கு 25 ஆட்டம் என்றால் வருடத்துக்குச் சுமார் 3,900 ஆட்டம். ஆறு பேர் ஆடும் நோ லிமிட் போக்கரில் 100 ஆட்டத்தின் முடிவு, அதிர்ஷ்டத்தால் மட்டுமே, 90 பெரிய பிளைண்ட் (சீட்டுப் போடும் முன்பே ஒருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) அளவுக்கு மேலும் கீழும் ஆடும். 3,900 ஆட்டத்தைச் சராசரி எடுத்தாலும் 100 ஆட்டத்துக்கு 14 பிளைண்ட் ஊசலாட்டம் மிஞ்சும். உண்மையிலேயே 100க்கு 10 பிளைண்ட் ஜெயிக்கக்கூடியவரை, நான்கில் ஒரு வருடம் இந்த நோட்டு தோற்றவராகக் காட்டிவிடும். ஒரு தனித் தவறின் விலையை இதிலிருந்து பிரித்தெடுக்க வழியே இல்லை.

3. பென்சில் கணக்கு

எனக்குப் பிடித்த வழி இது. மூன்று எண்களைப் பெருக்க வேண்டும்: ஒரு தவறின் விலை, அது எத்தனை முறை நடக்கிறது, அதில் எத்தனை பங்கு என் கைக்கு வருகிறது.

தம்பியைப் பாருங்கள். கடைசிச் சீட்டு விழுந்தபின் பாட்டில் 100 இருக்க, கையில் ஒன்றுமில்லாமல் நான் 100 வைத்து ப்ளஃப் அடிக்கிறேன். அவன் பாதி முறை மடித்தால் எனக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. 100க்கு 60 முறை மடித்தால் 60 முறை 100 வரும், 40 முறை 100 போகும். ஒரு ப்ளஃபுக்கு 20 சிப். மாமாவின் 41க்குப் பாதிகூட இல்லை. ஆனால் மாமாவின் இடம் ஒரு மாலையில் ஒருமுறை வருகிறது, தம்பியின் இடம் மூன்று முறை. இப்போது மாமா 41, தம்பி 60. கண்ணை உறுத்தும் பெரிய தவறைவிட, அடிக்கடி நடக்கும் சின்னத் தவறுக்கு மதிப்பு அதிகம்.

மூன்றாவது எண்ணை மறந்துவிடாதீர்கள். தம்பி என்னிடம் மடிந்தால்தான் அந்த 20 என்னுடையது. எங்களோடு ஆடும் அக்காவிடம் அவன் மடிந்தால் அது அக்காவுடையது.

ஆபத்தும் உண்டு. பத்து முறையில் ஏழு முறை மடித்தான் என்று துள்ளக் கூடாது. சரிபாதி மடிப்பவனும் 100க்கு 17 வாய்ப்பில் பத்தில் ஏழோ அதற்கு மேலோ மடிப்பான். குறிப்பு குறைவாக இருக்கும்வரை, கண்ட எண்ணைச் சராசரி ஆளின் பக்கம் கொஞ்சம் இழுத்து வையுங்கள். தம்பி விழித்துக்கொண்டு 100க்கு 60 முறை கால் செய்யத் தொடங்கினால், அதே ப்ளஃப் முறைக்கு 20 சிப்பை என்னிடமிருந்து பறிக்கும்.

4. சால்வர்

பயோசால்வர் போன்ற மென்பொருளில், எதிராளி ஓர் இடத்தில் எப்படி ஆடுவார் என்று பூட்டிவிட்டு, அதற்கு எதிரான சிறந்த ஆட்டத்தையும் அதன் லாபத்தையும் கேட்கலாம். பென்சிலுக்கு எட்டாத இடங்களுக்கும் இது விடை தரும். ஆனால் அவரவர் கையில் என்னென்ன சீட்டு இருக்கலாம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். அது பிசகினால் விடையும் பிசகும். இன்னொன்று, பூட்டிய இடம் தவிர மற்ற இடங்களில் எதிராளி தன்னைத் திருத்திக்கொள்வதாகச் சால்வர் வைத்துக்கொள்கிறது. எங்கள் மாமா எதையும் திருத்திக்கொள்பவர் அல்ல. ஆகவே அவர் தவறின் மதிப்பு, சால்வர் சொல்வதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

புது ஆட்களோடு ஒரு மாலை மட்டும் ஆடுகிறீர்களா? விலை போடவே வேண்டாம். உங்கள் ஆட்டத்தில் உள்ள ஓட்டையை அடைத்துவிடுங்கள். 2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ் என்ற நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 ஆட்டங்களில் தோற்கடித்தது. எதிராளிகளின் பலவீனத்தைத் தேடிப் போகாமல், தன் ஆட்டத்தில் அவர்கள் கண்டுபிடித்த ஓட்டைகளை இரவோடு இரவாக அடைத்துக்கொண்டே ஜெயித்தது.

அதே ஆட்களோடு வாராவாரம் ஆடுகிறீர்களா? பென்சில் கணக்குதான் சரி. மனக்கணிப்பில் ஆளைத் தேர்ந்துகொண்டு, ஓர் இடத்தை மட்டும் எண்ணுங்கள். படிப்பாகவே எடுத்துக்கொண்டவர்கள் அதன்பின் சால்வருக்குப் போகலாம். பென்சில் பழகாதவருக்குச் சால்வர் தரும் எண் வெறும் எண்தான். வரவு நோட்டை எறிய வேண்டாம். தவறுக்கு விலை போட அதை நம்பாதீர்கள், அவ்வளவே.

என் நோட்டில் இப்போது தம்பி பெயருக்குக் கீழே இரண்டே கட்டங்கள்: மடித்தான், மடிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மூன்று கோடுகள் விழுகின்றன. நூறு கோடு சேர எட்டு மாதம் ஆகும். அதுவரை பத்துக் கோட்டை வைத்து அவனைப் பயந்தாங்கொள்ளி என்று நான் சொல்லப்போவதில்லை.