விமானியின் பறப்புப் பதிவேடு: மின்னணு முறையைத் தேர்ந்தெடுத்தல்

மோட்டார் வண்டி ஓட்ட உரிமம் கேட்டு வருபவரிடம், இதுவரை எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டியுள்ளீர் என்று எவரும் கணக்குக் கேட்பதில்லை. ஓட்டிக் காட்டச் சொல்வதோடு சரி. விமானியின் நிலை அத்தகையதன்று. இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற விரும்பும் மாணவர் 200 மணி நேரத்திற்குக் குறையாமல் பறந்திருத்தல் வேண்டும். அதில் 100 மணி அவரே தலைமை விமானியாக இருந்ததாதல் வேண்டும். தலைமை விமானியாகத் தொலைவூர் சென்று வந்தது 20 மணி, கருவிகளை மட்டும் நோக்கிப் பறந்தது 10 மணி, இரவில் பறந்தது 5 மணி எனத் தனித்தனிக் கணக்குகளும் உண்டு. இவற்றுக்கெல்லாம் அவர் காட்டும் முதற் சான்று, பறந்த அன்றே எழுதி வைக்கும் பறப்புப் பதிவேடேயாகும்.

இப்பதிவேட்டை மையினால் எழுத வேண்டும் என்றும், கடைசிப் பதிவுக்குப் பின் 5 ஆண்டுகளேனும் காக்க வேண்டும் என்றும் 1937ஆம் ஆண்டின் விமான விதிகள் வகுத்தன. மையினால் எழுதியதை அழிக்க இயலாது. அடிக்கலாம், அடித்தது தெரியும். எனினும் மையும் பொய் சொல்லக்கூடியதே. ஆகாயத்தில் பறக்காமல் மேசையில் எழுதிச் சேர்த்த மணிகளை, ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்த பேனாவை முன்னிட்டுப் ‘பார்க்கர் மணிகள்’ என்று விமானிகள் ஏளனமாகக் கூறுவதுண்டு. இந்த ஏளனம் வெறும் வேடிக்கையன்று. 2011ஆம் ஆண்டில் இந்திய விமானிகளின் உரிமங்களை ஆராய்ந்தபோது, போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்தவர்களோடு, பறக்காத மணிகளைப் பறந்ததாகக் காட்டியவர்களும் அகப்பட்டனர்.

இன்று விமானிகள் பலர் கைபேசியிலோ கணிப்பொறியிலோ இயங்கும் பதிவேட்டு மென்பொருளைக் கையாளுகின்றனர். இத்தகையவை பல உள்ளன. சில இலவசம், சிலவற்றுக்கு ஆண்டுச் சந்தா உண்டு, சில ஒரே வகைக் கைபேசியில் மட்டும் இயங்கும். திரையின் அழகையும் வண்ணப் படங்களையும் கண்டு தேர்ந்தெடுப்போர் அதிகம். ஆயினும் ஆராய வேண்டியது வேறு: அது நேரத்தை எவ்வாறு அளக்கிறது, எவ்வாறு கூட்டுகிறது, எவ்வாறு திருப்பித் தருகிறது என்பவையே.

முதலில், பறப்பு நேரம் என்பது யாது? சக்கரம் தரையை விட்டெழுந்தது முதல் தரையைத் தொட்டது வரை என்றே பலரும் எண்ணுவர். விமானத்திற்குரிய உலக விதி அவ்வாறு கூறவில்லை. புறப்படும் பொருட்டு விமானம் முதன்முதல் அசைந்த கணத்திலிருந்து, பறப்பு முடிந்து இறுதியாக நிற்கும் கணம் வரை உள்ளதே பறப்பு நேரம். பயிற்சி விமானம் ஒன்று காலை 6.10க்கு நிறுத்துமிடத்தை விட்டு அசைந்து, 6.22க்கு மேலெழுந்து, 7.31க்குத் தரையைத் தொட்டு, 7.40க்கு நின்றது எனக் கொள்வோம். பறப்பு நேரம் 1 மணி 30 நிமிடம். காற்றில் இருந்தது 1 மணி 9 நிமிடமே. மொத்த நேரத்தை மட்டும் கேட்டு வாங்கும் மென்பொருளில், இவ்விரண்டில் எது எழுதப்பட்டது என்பதைப் பின்னர் அறிய வழியில்லை. ஆதலின் இந்நான்கு நேரங்களையும் தனித்தனியே பதிவு செய்ய இடமளிப்பதையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். விமானத்தின் பயணப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கையில் கைகொடுப்பவை இவையே.

அந்த நேரங்கள் எந்தக் கடிகாரத்தைச் சார்ந்தவை என்பதும் தெளிவாயிருத்தல் வேண்டும். யூ.டி.சி. என்னும் உலகப் பொது நேரம் இந்திய நேரத்தினும் 5½ மணி பிந்தியது. 10ஆம் தேதி விடியற்காலை 5.20க்குப் புறப்பட்ட விமானம், உலக நேரப்படி 9ஆம் தேதி இரவு 11.50க்குப் புறப்பட்டதாகும். ஒரு பதிவேட்டில் 9, மற்றொன்றில் 10 என்று இருந்தால், ஒரே பறப்பு இரண்டாக எண்ணப்படவும் கூடும். பொய்க்கணக்கு என்று ஐயுறப்படவும் கூடும்.

அடுத்தது கூட்டல். மேலோட்டமாய்ப் பார்ப்பவர்க்கு இங்கே சிக்கலே இராது. உண்மையில் பெருங்குழப்பம் விளைவது இங்கேதான். சில மென்பொருள்கள் மணியையும் நிமிடத்தையும் அப்படியே வைக்கின்றன. சில பத்தின் பின்னமாக மாற்றி, ஒரே ஓர் இலக்கத்தோடு நிறுத்திவிடுகின்றன. 1 மணி 20 நிமிடம் என்பது 1.333 மணி, ஓரிலக்கத்தில் 1.3 மணி, அதாவது 1 மணி 18 நிமிடம். இரண்டு நிமிடம்தானே என்று தோன்றும். மாணவர் ஒருவர் 1 மணி 20 நிமிடப் பறப்புகள் 150 செய்தால், உண்மைக் கூட்டுத்தொகை சரியாக 200 மணி. மென்பொருள் காட்டுவதோ 195 மணி. உரிமத்திற்கு வேண்டிய அளவை எட்டியவர் எட்டாதவராகிறார். 1 மணி 10 நிமிடப் பறப்புகளாயின் தவறு மறுபக்கம் சாயும்: 150 பறப்புகளுக்கு 175 மணி, 180 மணியாகக் காட்டப்படும். இது முன்னதினும் கொடிது. ஏனெனில் பறக்காததைப் பறந்ததாகக் கூறியதாய் முடியும். மணி, நிமிடம் ஆகியவற்றை முழு எண்களாகவே சேமிக்கும் மென்பொருளில் இவ்விடர் இல்லை. இக்கணக்கைக் கணித வகுப்பிலேயே மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.

பத்திகளைக் கூட்டுவதிலும் கவனம் வேண்டும். பள்ளி வருகைப் பதிவேட்டில் ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் கூட்டினால் வகுப்பின் தொகை வரும். விடுதியில் தங்கும் பிள்ளைகளையும் அதனோடு கூட்டுவார் உண்டோ? பறப்புப் பதிவேட்டிலும் அவ்வாறே. பயிற்றாசிரியருடன் பறந்ததும், தலைமை விமானியாய்ப் பறந்ததும் மாணவரின் மொத்தத்தில் சேரும். இரவு, கருவி, தொலைவு என்பன அதே நேரத்தை வேறு வகையில் பகுத்துக் காட்டுவனவே. சிமுலேட்டரில் செலவிட்ட நேரம் பறப்பு நேரமே அன்று. அதற்குத் தனிப் பத்தி வேண்டும். கருவிப் பறப்பின் 10 மணியில் 5 மணி வரை அது ஏற்கப்படும் என்பது வேறு செய்தி.

பெரும்பாலான மென்பொருள்கள் அயல்நாட்டு விதிகளை மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை. இரவு நேரத்தைத் தாமாகவே கணக்கிட்டுத் தரும் வசதி அவற்றில் உண்டு. ஆயினும் எந்த இரவு? அமெரிக்க விதிகளில் இரவு நேரத்தைப் பதிவதற்கு மாலை அந்தியொளி முடிவது எல்லை. பயணிகளை இரவில் ஏற்றிச் செல்வதற்கு வேண்டிய அண்மைப் பழக்கத்தைக் கணக்கிடுவதற்கோ சூரியன் மறைந்து ஒரு மணி கழிவது எல்லை. இந்தியாவில் கண்பார்வை விதிப்படி பறத்தல் பொதுவாகச் சூரியன் மறைந்து 20 நிமிடத்தோடு முடிவடையும். ஆகவே இவ்வெல்லையை மாற்றியமைக்க இடந்தராத மென்பொருளை ஒதுக்குவதே நன்று.

இந்திய விமானிக்கு மற்றொரு கடமையும் உண்டு. சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் இ.ஜி.சி.ஏ. என்னும் மின்னணுத் தளம் 2021ஆம் ஆண்டு நவம்பரில் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. விமானி தம் பறப்புகளை அதில் பதிவு செய்கிறார். பயிற்சிப் பள்ளியிலோ நிறுவனத்திலோ அதற்கென அதிகாரம் பெற்றவர் சரிபார்த்து ஒப்புதல் அளிக்கிறார். தனியார் மென்பொருளில் எழுதியதனாலேயே ஒரு பறப்பு அங்கு ஒப்புக்கொள்ளப்பட்டதாகாது. அம்மென்பொருள் விமானியின் சொந்தப் படி மட்டுமே. எனினும் இரண்டும் முரண்படுமிடத்துத் தவறு எங்கே நேர்ந்தது எனக் கண்டறிய உதவுவது இந்தச் சொந்தப் படிதான். பள்ளியை விட்டு ஆசிரியர் வேறிடம் சென்ற பின் ஒப்புதல் தேடி அலையும் மாணவர்க்கு அதன் அருமை தெரியும்.

விலை கொடுக்குமுன் சிறு சோதனை ஒன்று செய்து பார்க்கலாம். பழைய தாட் பதிவேட்டிலிருந்து பத்துப் பறப்புகளைத் தேர்ந்து மென்பொருளில் ஏற்றுக. அவற்றுள் ஒன்று விடியற்காலையில் புறப்பட்டதாகவும், ஒன்று பகலில் தொடங்கி இரவில் முடிந்ததாகவும், ஒன்று சிமுலேட்டர்ப் பயிற்சியாகவும் இருக்கட்டும். கையால் கூட்டிய தொகையோடு ஒப்பிடுக. பிறகு ஒரு பதிவை வேண்டுமென்றே திருத்தி, பழைய எழுத்து காக்கப்படுகிறதா, திருத்திய நாள் குறிக்கப்படுகிறதா என்று நோக்குக; மையினால் அடித்து எழுதுவதற்கு ஈடானது அதுவே. இறுதியில், சி.எஸ்.வி. போன்ற பொதுவான கோப்பாக அனைத்தையும் வெளியே எடுத்து, வேறொரு கணிப்பொறியில் சாதாரண அட்டவணை மென்பொருளால் திறந்து பார்க்கவும். பத்து வரிகளும் எல்லாப் பத்திகளும் குறைவின்றி வந்திருத்தல் வேண்டும். சந்தா நின்றுவிட்டாலோ, செய்த நிறுவனமே மூடப்பட்டாலோ விமானியின் கையில் எஞ்சுவது இக்கோப்பு மட்டுமே. திங்கள்தோறும் இதனை எடுத்து, கைபேசியல்லாத வேறோர் இடத்தில் ஒரு படியும், தாளில் அச்சிட்டு ஆசிரியரின் கையெழுத்துப் பெற்ற ஒரு படியும் வைத்துக்கொள்ளலாம்.