செட்டில்மென்ட் வாங்கப் போகிறீர்களா?

ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியிலும் தோல் ஷாப்பிலும் காலமெல்லாம் உழைத்தவர்கள், மொத்தப் பணம் கைக்கு வந்த மறு வருடமே மகனிடம் பஸ் காசுக்கு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 58 நெருங்குகிறதா? இன்றே தொடங்குங்கள்.

செய்ய வேண்டியவை

• பழைய கம்பெனிகளின் பி.எஃப். கணக்குகளை ஒரே யு.ஏ.என். எண்ணில் சேருங்கள். 10 ஆண்டு சர்வீஸ் இருந்தால்தான் மாதப் பென்ஷன். கம்பெனி மாறும்போதெல்லாம் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டவர்களுக்கு அந்த வருடங்கள் கணக்கில் வராது. நம் பெண்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான்.

• ஆதாரிலும் பி.எஃப்.பிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். பொருந்தாவிட்டால் கிளெய்ம் திரும்பி வரும்.

• கிராஜுவிட்டியை நீங்களே கணக்குப் போடுங்கள். கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் சேர்ந்து 13,000 ரூபாய், சர்வீஸ் 20 ஆண்டு என்றால், 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 20-ஆலும் பெருக்குங்கள்: 1,50,000 ரூபாய். இதற்குக் குறைவாகச் சொன்னால் கையெழுத்துப் போடாமல் காரணம் கேளுங்கள்.

• இ.எஸ்.ஐ.யைத் தொடருங்கள். 5 ஆண்டாவது இன்ஷூர் ஆகியிருந்து ஓய்வு பெற்றவர், வருடம் 120 ரூபாய் கட்டினால் கணவன், மனைவி இருவருக்கும் சிகிச்சை உண்டு.

• தினமும் நடங்கள். மெஷினில் குனிந்தே இருந்த முதுகு, சும்மா உட்கார்ந்தால் இன்னும் இறுகும். வேலூர்க்காரர்களுக்குக் கோட்டை இருக்கிறது. வெயில் ஏறுமுன் போய்வாருங்கள்.

செய்யக்கூடாதவை

• அதிக வட்டிக்குப் பணம் கொடுக்காதீர்கள். 2022-இல் வெடித்த ஐ.எஃப்.எஸ். நிதி நிறுவன மோசடியில் நம் வேலூர், காட்பாடிக் குடும்பங்கள் எத்தனை அழுதன! 60 தாண்டியவருக்கு அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது.

• வீட்டைப் பிள்ளைகளுக்கு இப்போதே எழுதிக் கொடுக்காதீர்கள். உயில் போதும். எழுதியே ஆகவேண்டும் என்றால், ‘எங்களைப் பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். பிள்ளைகள் கைவிட்டால், 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அதுதான் பிடி.

• ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள், பேரனாக இருந்தாலும்.

• கூலி பேசாமல் ஷூ அப்பர் தையல் வேலையை வீட்டுக்கு வாங்காதீர்கள். கண்ணும் முதுகும் உங்களுடையவை.

• வருடாந்திர உயிர்ச் சான்றிதழை மறக்காதீர்கள். பென்ஷன் நின்றுவிடும்.

• வீட்டில் யாராவது பணத்துக்காக மிரட்டினால் மறைக்காதீர்கள். முதியோர் உதவி எண் 14567. அழைக்கக் கட்டணம் இல்லை.