நாடகம் எழுதி வாழ்தல்

நுழையும்முன்

நாடகம் முடிந்து திரை விழுந்தபின் நடித்தவர் முகம் நம் நினைவில் நிற்கிறது. பாடியவர் குரல் செவியில் ஒலிக்கிறது. ‘இதனை எழுதியவர் யார்?’ என்று கேட்டால் பலரும் தயங்குவர். அவர் எதைக்கொண்டு வாழ்ந்தார், எத்தகைய இடர்களுக்கிடையே எழுதினார் என்பன இன்னும் அரிதாகவே கேட்கப்படும் வினாக்கள். தமிழ் நாடகத்துக்கு உயிரூட்டிய ஒருவரின் வாழ்வை முன்வைத்து அவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

தொடர்வண்டியில் ஒரு குறிப்பேடு

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் புறநகர் மின்தொடர்வண்டி எண்ணூரை நெருங்கும்போது கழிமுகமும் உப்பளங்களும் கண்ணில் படுகின்றன. மீஞ்சூர், பொன்னேரி ஆகிய ஊர்களைக் கடந்தால் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிடும். காலை முறைக்குச் செல்வோரும் இரவு முறை முடித்துத் திரும்புவோரும் அவ்வண்டியில் நாள்தோறும் பயணம் செய்கின்றனர். அவர்களுள் ஓர் இளைஞர் மடியில் குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டு நாடகம் ஒன்றை எழுதுகிறார் என எண்ணிப் பார்ப்போம்.

அவருக்கு அந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது? திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது இரவு முழுவதும் தெருக்கூத்து நிகழும். மத்தளமும் தாளமும் முகவீணையும் ஒலிக்க, கட்டியங்காரன் அவையை வணங்கித் தொடங்கும் கூத்து, கிழக்கு வெளுக்கும்போதுதான் நிறைவுறும். சிறு வயதில் தாயின் மடியில் அமர்ந்து அதனைப் பார்த்தவர் உள்ளத்தில் கதைமாந்தர் பேசத் தொடங்குவது இயல்பே.

ஆனால், எழுதத் துணிந்ததும் அவர்முன் மூன்று வினாக்கள் எழுகின்றன. நிலையான ஊதியம் தரும் வேலையை விட்டுவிட்டு எழுதலாமா? எழுதியதை யார் நடிப்பார்? நடித்தாலும், எழுதியவருக்கு என்ன கிடைக்கும்? இவ்வினாக்கள் புதியவை அல்ல. ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன், தூத்துக்குடியின் உப்பளம் ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்த ஓர் இளைஞரும் இவற்றை எதிர்கொண்டார். அவர்தாம், பின்னாளில் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்பட்ட தவத்திரு சங்கரதாசு சுவாமிகள்.

ஓர் ஆண்டு, இரு பாதைகள்

சங்கரதாசு சுவாமிகள் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867 ஆம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையாரிடம் தமிழ் பயின்றபின், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். வெண்பாவும் கலித்துறையும் இசைப்பாடலும் இளமையிலேயே அவருக்குக் கைவந்தன. ஆயினும், புலமை அடுப்பில் உலை ஏற்றாது. ஆகவே உப்பளத்தில் கணக்கரானார். தம் 24 ஆம் வயதில் அவ்வேலையைத் துறந்து நாடகக் குழுவில் சேர்ந்தார். அது 1891 ஆம் ஆண்டு.

அதே ஆண்டில் சென்னையில் மற்றோர் இளைஞரும் நாடகத்துறைக்குள் நுழைந்தார். அவர் பம்மல் சம்பந்தனார். நண்பர்கள் சிலருடன் சேர்ந்து அவர் தொடங்கிய ‘சுகுண விலாச சபை’, கற்றோரும் அலுவலரும் பொழுதுபோக்காக நடிக்கும் பயில்முறைக் குழுவாகும். பம்மல் சம்பந்தனார் வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் பணியாற்றினார். பகலில் நீதிமன்றம், மாலையில் ஒத்திகை என அவர் வாழ்வு அமைந்தது. ஒரு நாடகம் தோற்றாலும் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

சுவாமிகளின் நிலை வேறு. அவருக்கு நாடகமே தொழில், நாடகமே உணவு. மழை பெய்து காட்சி நின்றால் அன்றைய வருவாயும் நின்றது. இருவரும் தமிழ் நாடகத்தை வளர்த்தவர்களே. எனினும், ஒரே கலை ஒருவர்க்கு ஓய்வு நேரத்தின் இன்பமாகவும் மற்றவர்க்கு வாழ்வின் முழுப் பொறுப்பாகவும் இருந்ததை மறந்துவிட்டு அவர்களை ஒப்பிடுதல் முறையாகாது.

நடிகர் ஆசிரியரானது

சுவாமிகள் முதலில் நடிகராகவே புகழ்பெற்றார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகிய வேடங்கள் அவருடைய உயர்ந்த தோற்றத்துக்கும் கணீரென்ற குரலுக்கும் பொருந்தின. சனீசுவரன் வேடத்துடன் விடியற்காலையில் நீர்நிலைக்குச் சென்ற அவரைக் கண்டு அஞ்சிய பெண் ஒருவர் உயிரிழந்தார் என்றும், எமனாக அவர் ஆர்ப்பரித்ததைக் கண்ட கருவுற்ற பெண் ஒருவருக்குக் கரு கலைந்தது என்றும் செவிவழிச் செய்திகள் வழங்குகின்றன. இவற்றால் மனம் வருந்திய அவர், வேடம் புனைவதைக் கைவிட்டார் என்பர்.

நடிப்பை விட்டபின் திருத்தலங்கள் பலவற்றுக்குச் சென்றார், துறவு பூண்டார். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டு இசையின் தாள நுட்பங்களைக் கற்பித்தார். கைவிட்ட வேடமும் கற்ற தாளமும் வீண்போகவில்லை. நடிகனுக்கு எவ்விடத்தில் மூச்சு வாங்கும், எந்தச் சொல் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் செவியை எட்டும், எந்தச் சந்தத்துக்கு அவை தலையசைக்கும் என்பனவற்றை அறிந்த ஒருவராக அவர் மீண்டும் நாடகத்துக்குள் வந்தார். இம்முறை எழுதுபவராகவும் பயிற்றுவிப்பவராகவும் வந்தார். நாடக உலகம் அவரை ‘வாத்தியார்’ என்று அழைத்தது.

கொட்டகை வாழ்வு

அக்காலத் தொழில்முறைக் குழுக்கள் ஊர்விட்டு ஊர் சென்று, கீற்றுக்கொட்டகையில் சில வாரங்களோ சில மாதங்களோ தங்கி நாடகம் நடத்தின. காட்சித்திரைகள், உடைகள், ஆர்மோனியம், விளக்குகள் எனக் குழுவின் உடைமைகள் அனைத்தும் உடன் சென்றன. கூட்டம் நிறைந்தால் அனைவர்க்கும் நல்லுணவு, குறைந்தால் கடன். ஒரே நாடகத்தை நாள்தோறும் நடத்தினால் ஊரார் வரமாட்டார்கள். எனவே புதிய நாடகங்கள் தேவைப்பட்டன. அத்தேவையின் சுமை முழுவதும் வாத்தியாரின் தோளில் விழுந்தது.

கதையைத் தேர்ந்தெடுத்தல், உரையாடல் எழுதுதல், பாடல் புனைதல், மெட்டமைத்தல், எழுத்தறியாத நடிகருக்குப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தல் ஆகிய அனைத்தும் அவர் பணிகளே. இவற்றைவிடப் பெரிய இடர் ஒன்றும் இருந்தது. அன்றைய நடிகருள் சிலர் எழுதிக்கொடுத்ததைப் பேசாமல், மேடையிலேயே தம் விருப்பம்போல் சொல்லாடினர். ஒருவரையொருவர் மடக்கும் வாதத்தில் கதை மறைந்துபோனது. கைதட்டல் கிடைத்தது, நாடகம் கிடைக்கவில்லை.

கவிஞர் எழுதிய பாட்டு ஏட்டிலிருந்து நேரே படிப்பவரை அடைகிறது. நாடகம் அப்படியன்று. நடிகர், இசைஞர், ஒப்பனையாளர், கொட்டகை உரிமையாளர், அவையினர் எனப் பலரும் ஒத்துழைத்தால்தான் அது முழுமை பெறும். நாடக ஆசிரியரின் மகிழ்ச்சியும் துன்பமும் பெரும்பாலும் பிறர் கைகளில்தான் உள்ளன. சுவாமிகள் இதனை நொந்துகொண்டு அமர்ந்துவிடவில்லை, வழி தேடினார். சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிக்கொடுத்தவாறு பேசும் சிறுவர்களைக்கொண்டு குழு அமைத்தார். 1910 இல் ‘சமரச சன்மார்க்க நாடக சபை’ தோன்றியது. பிற்காலத்தில் இசையால் தமிழகத்தை ஈர்த்த எஸ்.ஜி.கிட்டப்பா அக்குழுவில் பயின்றவர். 1918 இல் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’யை நிறுவினார். ஆறு வயதுச் சிறுவராக அதில் சேர்ந்தவரே ஔவை தி.க.சண்முகம்.

சிறுவர் குழுக்களின் வாழ்வு எளிதானதன்று. பெற்றோரைப் பிரிந்து, இரவில் நடித்து, பகலில் பாடம் கேட்ட பிள்ளைகளின் உழைப்பின்மீதுதான் அக்குழுக்கள் நின்றன. இன்றைய நோக்கில் பார்க்கும்போது, தமிழ் நாடகத்தின் அந்தப் பொற்காலத்துக்கு அச்சிறுவர்களும் விலை கொடுத்தனர் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஒரே இரவில் எழுந்த நாடகம்

சிறுவர் சண்முகத்துக்கு ஏற்ற தலைமை வேடம் ஒன்று அமைய வேண்டும் என்று சுவாமிகள் விரும்பினார். ஒருநாள் இரவு விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு எழுத அமர்ந்தார். பொழுது விடிந்தபோது ‘அபிமன்யு சுந்தரி’ நாடகம் முடிந்திருந்தது. நான்கு மணி நேரம் நடைபெறக்கூடிய அந்நாடகம், பாடல்களும் உரையாடல்களுமாக அடித்தல் திருத்தல் இன்றி ஒரே இரவில் எழுதப்பட்டது என்பதைத் தி.க.சண்முகம் வியப்புடன் நினைவுகூர்ந்துள்ளார்.

ஒரே இரவில் எழுதினார் என்பதை அருள்வாக்கு என்று மட்டும் கருதினால் அவருடைய உழைப்பை நாம் குறைத்து மதிப்பவராவோம். அந்த ஓர் இரவுக்குப் பின்னால், பழனியில் கற்ற யாப்பும் புதுக்கோட்டையில் கற்ற தாளமும் மேடையில் கழிந்த பல்லாண்டுகளும் நின்றன.

வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் சரித்திரம், சதி சுலோசனா, சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் எனச் சுவாமிகள் ஏறத்தாழ நாற்பது நாடகங்களை எழுதினார். சேக்சுபியரின் ரோமியோ ஜூலியட், சிம்பலைன் ஆகிய நாடகங்களையும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார்.

குரல் நின்றது, நாடகம் நிற்கவில்லை

வாழ்வின் இறுதிக் காலத்தில் சுவாமிகளைப் பக்கவாத நோய் தாக்கியது. கையும் காலும் செயலிழந்தன. மேடை அதிர முழங்கிய குரலும் அடங்கியது. திருமணம் செய்துகொள்ளாத அவருக்கு நாடகக் குழுவே குடும்பம். ஊர் ஊராகச் சென்ற குழுவுடன் அவரும் சென்றார். 1922 ஆம் ஆண்டு நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். அதே புதுச்சேரியிலுள்ள மையப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் விட்டுச்சென்ற சொத்து எழுத்துதான். அதன் வலிமையை இன்றும் தென்மாவட்டத் திருவிழாக்களில் காணலாம். ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படும் நிகழ்வில் வள்ளியாக நடிப்பவர் ஓர் ஊரிலிருந்தும், முருகனாக நடிப்பவர் மற்றோர் ஊரிலிருந்தும், ஆர்மோனியக் கலைஞர் வேறோர் ஊரிலிருந்தும் வருவர். சேர்ந்து ஒத்திகை பார்க்காமலேயே மேடையேறுவர். சுவாமிகளின் பனுவலை அனைவரும் அறிந்திருப்பதால் நாடகம் தடையின்றி நடைபெறுகிறது. தம் காலத்தில் நடிகரை ஒழுங்குபடுத்த அவர் எழுதிய எழுத்து, ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் பல குடும்பங்களுக்கு உணவளிக்கிறது.

எழுத்துக்கு உரியவர்

சுவாமிகளின் நாடகங்கள் பல கைப்படிகளாகவே குழுவுக்குக் குழு சென்றன. அவற்றுள் சில இன்று கிடைக்கவில்லை. பம்மல் சம்பந்தனாரோ தம் நாடகங்களை அச்சிட்டார். நடிக்க விரும்புவோர் தம் இசைவைப் பெற்று உரிமைத்தொகை செலுத்த வேண்டும் என்பதில் உறுதியாகவும் இருந்தார். சட்டம் அறிந்தவர்க்கு எழுத்தின் உரிமையும் தெரிந்திருந்தது. தொழிலாக நாடகம் எழுதியவர்க்கோ அடுத்த நாடகத்தை எழுதி முடிப்பதே கவலையாக இருந்தது. எழுதுபவரின் வறுமைக்குத் திறமைக்குறைவு மட்டுமே காரணம் என்று எண்ணிவிடலாகாது. உரிமை காக்கப்படாமையும் ஒரு காரணமாகும்.

மீண்டும் நம் தொடர்வண்டி இளைஞரிடம் வருவோம். வேலையை விடலாமா என்னும் அவர் வினாவுக்கு வரலாறு ஒரே விடையைத் தரவில்லை. ஒருவர் வேலையை விட்டு எழுதினார். மற்றவர் வேலையில் இருந்துகொண்டே எழுதினார். இரு பாதைகளிலும் நல்ல நாடகங்கள் பிறந்தன. யார் நடிப்பார் என்னும் இரண்டாம் வினாவுக்குச் சுவாமிகளின் வாழ்வில் விடை உண்டு: நடிப்பவரைத் தேடிச்செல்ல வேண்டும், இல்லையேல் உருவாக்க வேண்டும். மூன்றாம் வினாவுக்கு விடை கூறவேண்டியவர் அவர் அல்லர். அவையில் அமர்ந்திருக்கும் நாம். நுழைவுச்சீட்டு வாங்கும்போதும், இசைவு கேட்கும்போதும், நாடகத்தின் முடிவில் எழுதியவர் பெயரை உரக்கச் சொல்லும்போதும் நாம் அவ்விடையைக் கூறுகிறோம்.

வண்டி கும்மிடிப்பூண்டியை அடைகிறது. இளைஞர் குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு ஆலையை நோக்கி நடக்கிறார். இரண்டாம் காட்சி பாதியில் நிற்கிறது. திரும்பும் வண்டியில் அது தொடரும்.

தெரிந்து தெளிவோம்

நாடகம் எழுதியவரின் இசைவின்றி அதனைப் பொதுமக்கள்முன் நிகழ்த்துதல் கூடாது என்பது இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இன் பொதுவிதி. ஆசிரியர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகளும் இவ்வுரிமை நிலைக்கும். கல்வி நிலையங்களில் மாணவரும் ஆசிரியரும் நடித்து, மாணவர், ஆசிரியர், பெற்றோர் முதலியோர் மட்டுமே காணும் நிகழ்வுகளுக்கு விலக்கு உண்டு. சங்கரதாசு சுவாமிகளின் நாடகங்கள் உரிமைக் காலம் முடிந்து இன்று அனைவர்க்கும் பொதுவாகியுள்ளன. எனினும், எவர் நாடகமாயினும் அதனை நடிக்கும்போது ஆசிரியர் பெயரைக் குறிப்பிடுதல் நம் கடமை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்த் திருவிழாவில் கூத்தோ நாடகமோ நிகழ்த்தும் கலைஞர் ஒருவரைச் சந்தித்து, அவருடைய பகல்நேரத் தொழில், பயிற்சி, வருவாய் ஆகியவை குறித்து உரையாடுக. அவருடைய இசைவுடன் அதனை நேர்காணலாக எழுதுக.

2. ‘நாடக ஆசிரியர் நிலையான வேலையில் இருந்துகொண்டே எழுதுவது நன்று’ என்னும் கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. தொழிற்பேட்டைக்குச் செல்லும் தொடர்வண்டியைக் களமாகக் கொண்டு, இருவர் உரையாடும் ஒரு காட்சி எழுதுக. அதனை உங்கள் நண்பர்களை நடிக்கச் செய்து பார்த்தபின், எந்தச் சொற்களை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்பதைக் குறிப்பிடுக.