கரிசல் நிலமும் உலகப் பேராறுகளும்

கோவில்பட்டி வட்டாரத்துப் பள்ளிக்கூடத்தில் பூகோளப் படத்தை விரித்து, நைல், அமேசான், கங்கை என்று ஆசிரியர் கோலால் தொட்டுக் காட்டும்போது, பிள்ளைகளுக்கு அவை கதையில் வரும் பொருள்களாகவே தோன்றும். ஐப்பசியில் சில நாள் ஓடிவிட்டுப் பின்னர் மணலும் முள்ளுமாய்க் கிடக்கும் ஓடைகளையே அவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆயினும், ஆறில்லாத ஊரார்தாம் ஆறுகளைப் பற்றி ஊன்றி அறியவேண்டும் என்பது நமது எண்ணம்.

நைல் நதியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் ஏறத்தாழ 6,650 கிலோமீட்டர். விக்டோரியா ஏரியிலிருந்து வரும் வெள்ளை நைலும், எத்தியோப்பிய மலைநாட்டிலிருந்து இறங்கும் நீல நைலும் சூடான் நாட்டின் கார்த்தூம் நகரருகே ஒன்றுசேர்ந்து, பாலைவனத்தின் ஊடே வடக்கு நோக்கிச் செல்கின்றன. எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் கோடைகால மழையே எகிப்தின் ஆண்டு வெள்ளத்துக்குக் காரணம். வெள்ளம் வடிந்ததும் வயல்மீது கறுத்த வண்டல் படியும்; அந்த ஈரத்தில் கோதுமையும் பார்லியும் விதைத்தனர். பண்டை எகிப்தியர் தம் நாட்டுக்கு இட்ட பெயர் ‘கெமெட்’. கறுப்பு நிலம் என்பது அதன் பொருள். கரிசல்காட்டு உழவருக்கு இப்பெயர் அந்நியமாகத் தோன்றாது.

கெய்ரோ நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை மூன்று சென்டிமீட்டர்கூட இராது. கோவில்பட்டியிலோ ஏறத்தாழ எழுபது சென்டிமீட்டர் பெய்கிறது. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது. அவர்களுக்கு ஆறு உண்டு, மழை இல்லை. நமக்கு மழை உண்டு, ஆறு இல்லை. எகிப்தியர் தமக்கு வாய்த்த நீரை எவ்வளவு கருத்தாகக் கணக்கிட்டனர் என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். கெய்ரோவின் ரோதா தீவில் 861ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட நீரளவுத் தூண் இன்றும் நிற்கிறது. வெள்ளம் அத்தூணில் எத்தனை முழம் ஏறியது என்று பார்த்தே அவ்வாண்டின் நிலவரி வகுக்கப்பட்டது. நம் கண்மாய்களில் எத்தனைக்கு அளவுகல் மிஞ்சியிருக்கிறது என்று உறுப்பினர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

அஸ்வான் உயர் அணை 1970இல் முடிவுற்றது. ஆண்டு வெள்ளம் நின்றது. பன்னிரண்டு மாதமும் பாசனமும் மின்சாரமும் கிடைத்தன. ஆனால் வண்டல் அணைக்குள்ளேயே தங்கிவிட்டது. நதி இலவசமாய்க் கொடுத்த சத்தை உழவர் உரமாக விலைக்கு வாங்கலாயினர்.

எகிப்தைக் காட்டிலும் நமக்கு நெருங்கிய உறவு சூடானோடுதான் உண்டு. இரு நைல்களுக்கும் இடைப்பட்ட கெசீராச் சமவெளி நம் கரிசலைப் போன்றதே: கோடையில் காலிறங்கும்படி வெடிக்கும், மழை பெய்தால் உப்பி, வெடிப்பு மூடி, பிசுபிசுவென்று ஒட்டும். எத்தியோப்பிய எரிமலைப் பாறை கரைந்து ஆற்றோடு வந்து படிந்த மண் அது. நமது கரிசலை எந்த ஆறும் சுமந்து வரவில்லை. பெரும்பாலும் அடியிலுள்ள பாறை சிதைந்து உண்டானது. நீல நைலின் குறுக்கே சென்னார் அணை 1925இல் கட்டி முடிக்கப்பட்டதும், கெசீராவில் பருத்திச் சாகுபடி பெருகிற்று. அங்கே வாய்க்கால்களுக்குக் கல்லோ சிமெண்டோ பாவவில்லை. களிமண்ணே கசிவைத் தடுத்துவிடுகிறது. நம் பண்ணைக்குட்டைகளிலும் இக்குணம் உதவுவதைக் காணலாம்.

பருத்திக்காக ஆற்றை அளவின்றித் திருப்பியதன் விளைவையும் மறைக்கலாகாது. மத்திய ஆசியாவின் ஆமூ தாரியா, சிர் தாரியா ஆறுகள் ஆரல் கடலில் கலந்துவந்தன. அது ஒருகாலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரி. 1960க்குப் பின் ஆற்றுநீரைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பியதால் ஏரி வற்றிச் சுருங்கியது. மொய்னாக் துறைமுகத்தில் மீன்பிடிக் கப்பல்கள் மணலில் சாய்ந்து துருப்பிடித்துக் கிடக்கின்றன.

இனி நம் பக்கம் வருவோம். கோவில்பட்டிக்குத் தெற்கே தாமிரபரணி; வடக்கே வைப்பாறு. பொதிகையில் பிறக்கும் தாமிரபரணிக்கு இரு பருவமழையும் வாய்க்கிறது. கோவில்பட்டி நகரம் குடிப்பதும் சீவலப்பேரியிலிருந்து குழாய்வழி வரும் அந்நீரே. வைப்பாறும் மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி, சாத்தூர் வழியாக மன்னார் வளைகுடாவை அடைவது. எனினும் ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கும்.

மலைக்கு அப்பால் ஓடும் நீரை இப்பால் திருப்ப முடியும் என்பதை 1895இல் முடிவுற்ற பெரியாறு அணை மெய்ப்பித்தது. அதே எண்ணத்தில் பம்பை, அச்சன்கோவில் ஆறுகளை வைப்பாற்றோடு இணைக்கும் திட்ட அறிக்கை 1995இல் தயாராயிற்று. அதன்படி 91,400 ஹெக்டேர் பாசனம் பெறும். கேரளம் உடன்படாமையால் அது ஏட்டிலேயே இருக்கிறது. அந்த நீரை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை எதிர்பார்த்துக் கண்மாயைத் தூர விடுவதையே வேண்டாம் என்கிறோம்.

ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் அது நாற்பதாயிரம் லிட்டர் நீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. கோவில்பட்டிப் பக்கமும் கண்மாய்கள் உடைந்து, மானாவாரிப் பயிர் நீரில் மூழ்கிற்று. தண்ணீருக்கு ஏங்கிய ஊரில் தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு கடலுக்குப் போயிற்று.

கரிசலின் பேராறு என்பது கண்மாய்த் தொடர்தான். மேலூர்க் கண்மாயின் மறுகால் கீழூர்க் கண்மாயின் வரத்து. நீல நைலில் எத்தியோப்பியா கட்டிய பேரணை 2025இல் திறக்கப்பட்டபோது, தன் பங்கு குறையுமென்று எகிப்து முறையிட்டது. மேலூரார் கலிங்கில் கல்லடுக்கி நீர்மட்டத்தை உயர்த்தும்போது கீழூரார் எழுப்பும் வழக்கும் அதுவே. அதை மழை கொட்டும் இரவில் பேசலாகாது. ஆடி மாதத்திலேயே இரு பஞ்சாயத்தாரும் கலிங்கின்மேல் நின்று பேசித் தீர்த்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்வது நலம்.

தூர் எடுத்த வண்டலைப் பற்றியும் ஒரு சொல். வட்டாட்சியரின் அனுமதி பெற்று உழவர்கள் அதை விலையின்றி எடுத்துச் செல்லலாம். செம்மண் நிலத்துக்கு அது மிக உகந்தது. ஏற்கெனவே களி மிகுந்த கரிசலில் கொட்டுமுன் மண்ணைப் பரிசோதித்துக்கொள்க.

புரட்டாசி விதைப்புக்கு முன், கிராம வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வரத்துக்கால் தொடங்கும் இடத்திலிருந்து மடைவரை உறுப்பினர்கள் நடந்து வரட்டும். படத்தில் ஓடை என்று குறித்திருக்கும் இடத்தில் சீமைக்கருவேல் நிற்கிறதா, யாருடைய உழவுசால் ஓடுகிறதா என்று பார்த்துவர ஒரு முற்பகல் போதும்.