தெளிந்த கரைசல், தெரியாத கரைப்பான்

"பாட்டிலை வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு தம்பி, தூசி துரும்பு இல்லேன்னா நல்ல மருந்துதான்" என்பார் மயிலாப்பூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். கரைசல் பாடம் படித்த பிறகு எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது.

பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். அறை வெப்பநிலையில் ஒரு மி.லி. நீரில் சுமார் 14 மி.கி.தான் கரையும். குழந்தைகள் சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி., அதாவது மி.லி.க்கு 25 மி.கி. வேண்டும். மிச்சம் 11 என்ன ஆகும்? அடியில் படிகமாக உட்கார்ந்துவிடும். பொடியாகவே மிதக்கவிட்டால் அது சஸ்பென்ஷன். குலுக்கித்தான் கொடுக்க வேண்டும். தெளிவான சிரப் வேண்டுமென்றால் புரொப்பிலீன் கிளைக்கால் போன்ற துணைக்கரைப்பானைச் சேர்க்கிறார்கள். அது நீரின் முனைவுத்தன்மையைக் குறைத்துக் கரைதிறனைக் கூட்டுகிறது.

வில்லங்கம் இங்கேதான். டைஎத்திலீன் கிளைக்காலும் நிறமற்ற, இனிப்பான, கொழகொழப்பான திரவம். நன்றாகவே கரைக்கும், ஆனால் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடை அதில் கரைத்து விற்றதில் நூறு பேருக்கு மேல் இறந்தனர். 1972இல் நம் சென்னையிலேயே குழந்தைகள் பலியானார்கள். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். தமிழக அரசின் பரிசோதனையில் அதில் இந்த நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்படும் அளவோ 0.1.

நம் லேபில் இதைக் கண்டுபிடிக்க முடியுமா? பிக்னோமீட்டரில் அடர்த்தி பார்த்தால் புரொப்பிலீன் கிளைக்கால் 1.036, டைஎத்திலீன் கிளைக்கால் 1.118, கிளிசரின் 1.26. ஆஹா, சுலபம் என்று தோன்றும். ஆனால் கிளிசரினில் பாதிக்குச் சற்று மேல் தண்ணீர் கலந்தாலும் அதே 1.118 வந்துவிடும்! அப்போது ஒளிவிலகல் எண் காட்டிக்கொடுக்கும்: நஞ்சுக்கு 1.447, தண்ணீர் கலந்த கிளிசரினுக்குச் சுமார் 1.39. மூன்று நான்கு திரவம் கலந்திருந்தால் இந்த இரண்டு எண்ணும் ஏமாற்றும். வாயு குரோமட்டோகிராபியில்தான் ஒவ்வொன்றும் தனித்தனி நேரத்தில் வெளியே வந்து நிற்கும்.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். "அப்ப கடையில எதைப் பார்த்துத்தான் வாங்கறது?" என்றார். கடையில் பார்க்க வழியில்லை. தொழிற்சாலைக்குள் கரைப்பான் டிரம் வந்து இறங்கும்போதே, லேபிளை நம்பாமல், ஒவ்வொரு டிரம்மிலும் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் நம்மில் சிலர் போகப்போகிறோம்.