வில்லுப்பாட்டில் நிலைக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு

வில்லுப்பாட்டுக் குழு தொடங்குவதில் பெரிய சிரமம் கிடையாது. சித்திரையில் புதுசாக ஒரு குழு கிளம்பும். பேனரில் அண்ணாவி படம் ஆளுயரத்துக்கு இருக்கும். ஆடிக் கொடை வரைக்கும் வேன் நிற்காமல் ஓடும். கார்த்திகையில் போய்ப் பார்த்தால் அதே தம்பி பேட்டையில் ஒரு மொபைல் கடையில் ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருப்பான். தொண்டை போதாமல் விட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். கதையும் கணக்கும் போதாமல் விட்டவர்களே அதிகம். குடம் அடிக்கிறவன் கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது. அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதல் வேலை, ஒரு கதையை முழுசாகப் பாடம் பண்ணுவது. ஒன்று போதும், ஆனால் முழுசாக. சுடலைமாடன் கதை தெரியாமல் தாமிரபரணிக் கரையில் கொடைக்குப் பேச்சே எடுக்க முடியாது, அதனால் அதிலிருந்து தொடங்குங்கள். இசக்கியம்மன், முத்தாரம்மன், சாஸ்தா எல்லாம் பிறகு. காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டுவளம், கதை, வாழி என்ற வரிசை உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதை விளக்கவில்லை. யூடியூப் பார்த்துப் பாடம் பண்ணக்கூடாது என்பது என் கட்டளை. வீடியோவில் வெட்டி ஒட்டியிருப்பார்கள். வெட்டிப்போட்ட இடத்தில்தான் கதையின் மூட்டு இருக்கும். வயசான ஒரு அண்ணாவியிடம் போய், அவர் நோட்டைக் கையால் எழுதியெடுத்து, அவர் பக்கத்தில் ஒரு சீசன் முழுக்க ஜால்ரா தட்டுங்கள்.

முழுசாகத் தெரிய வேண்டும் என்பதற்குக் காரணம், கொடையில் கதை ஒரே மூச்சாகப் போகாது. குடியழைப்பு ராத்திரி கொஞ்சம், மறுநாள் மதியக் கொடைக்குக் கொஞ்சம், அப்புறம் சாமக் கொடை என்று துண்டு துண்டாகத்தான் பாடுவோம். சாமி பிறக்கிற இடம் எந்த வேளையில் வர வேண்டும், வரம் வாங்குகிற இடம் எந்த வேளையில் வர வேண்டும் என்று ஒவ்வொரு கோயிலிலும் ஒரு முறை வைத்திருப்பார்கள். பூசை தாமதமானால் இழுக்க வேண்டும். அருள் சீக்கிரம் வந்துவிட்டால் பாதி வரியிலேயே துடியை ஏற்ற வேண்டும். சாமியாடியின் காலைப் பார்த்துக்கொண்டே பாடுங்கள். முகத்தைப் பார்த்தால் நேரம் பிந்திவிடும். அங்கே கணியான் கூத்தும் இருந்தால் மைக் நேரத்துக்காக அவர்களோடு மல்லுக்கட்டாதீர்கள். அவர்கள் மகுடம் அடிக்கும் நேரம் நமக்குத் தொண்டை ஆறுகிற நேரம்.

தொண்டை என்றதும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் ஓபரா பாடுகிறவர்கள் பெரிய அரங்கத்தில் மைக்கே இல்லாமல் பாடுகிறார்கள். அதற்கென்றே வருடக்கணக்கில் மூச்சைப் பழக்குகிறார்கள். நாம் மைக்கை நம்பி மூச்சுப் பயிற்சியை விட்டுவிட்டு, மைக் சரியில்லாத ஊரில் கத்துகிறோம். பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்கிற மாதிரி ஒரு பெட்டியை உங்கள் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். சவுண்ட் சர்வீஸ்காரர் முகம் சுளித்தாலும் சரி.

குழு சேர்ப்பது லேசு. உடுக்கை, குடம், கட்டை, ஜால்ரா, ஆர்மோனியம் எல்லாவற்றுக்கும் ஆள் கிடைக்கும். பின்பாட்டுக்கு மட்டும் புத்திசாலியாகப் பார்த்துப் பிடியுங்கள். ஏன் என்று பின்னால் வருகிறது.

பணம். அச்சாரம் வாங்காமல் தேதி கொடுக்காதீர்கள், சொந்த மாமன் ஊராக இருந்தாலும். தேதி, கோயில், எத்தனை வேளை, எத்தனை ஆள், வேன் யார் செலவு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே எழுதி வரிதாரர்களில் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பெண்கள் இருக்கிற குழு என்றால் உடை மாற்ற அறை, ராத்திரி திரும்ப வண்டி, இரண்டும் எழுத்தில் வேண்டும். குமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மாள் சிறு வயசிலேயே பாட வந்து குழுவுக்குத் தலைமை ஏற்றவர், 2018இல் காலமானார்; அவர் காலத்திலிருந்தே பெண் அண்ணாவிகள் இங்கே புதுசில்லை. புதுசாக வேண்டியது கழிப்பறைதான். பங்கை மறுநாள் காலை வேனில் ஏறும் முன் பிரித்துவிடுங்கள். ‘ஊருக்குப் போய்ப் பார்த்துக்கிடலாம்’ என்று சொன்ன குழுக்கள்தான் இரண்டாய் உடைந்தன.

கொடை இல்லாத மாதங்களுக்கு வேறு வழி தேடியாக வேண்டும். திருநெல்வேலி வானொலி நிலையத்துக்குக் குரல் தேர்வு விண்ணப்பம் போடுங்கள். 18லிருந்து 25 வயசுக்குள் இருந்தால் மத்திய கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை இருக்கிறது. தேர்வானால் மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு பண்ணுங்கள், குழு முழுவதையும், கட்டை தட்டுகிற அண்ணாச்சியையும் சேர்த்து. மாவட்டக் கலை மன்றம் 19 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்குக் கலை வளர்மணி விருது தருகிறது. அதற்குச் செய்தித்தாள் துணுக்கு, அழைப்பிதழ், போட்டோ எல்லாம் கேட்பார்கள். முதல் கொடையிலிருந்தே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். சர்ச் அசன விழாவில் பைபிள் கதை பாடக் கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள். அங்கே நேரத்துக்குத் தொடங்குவார்கள்.

இனிதான் நிறையப் பேர் வழுக்குகிற இடம். சமூகத்துக்கு நாலு நல்ல விஷயம் சொல்ல வேண்டும் என்று எல்லா இளம் அண்ணாவிக்கும் ஆசை. நல்ல ஆசைதான். வில்லுக்கு அது அந்நியமும் இல்லை. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லைக் கொடைக்கு வெளியே கொண்டுபோனார். அவர் சென்னைக்கு அழைத்துப்போன நம் சத்திரம் புதுக்குளத்துச் சுப்பு ஆறுமுகம் காந்தி கதையை ஊர் ஊராகப் பாடி, 2021இல் பத்மஸ்ரீ பெற்று, அடுத்த வருடம் மறைந்தார். ஆனால் இப்போது நடப்பது வேறு. அரசுத் துறையிலிருந்து ஒரு தாள் வரும், அதில் பத்துக் கருத்து இருக்கும். தம்பி பத்தையும் மெட்டில் போட்டு அரைமணி நேரம் ஒப்பிப்பான். ஜனம் நாற்காலியை மடக்கும்.

இதற்கு என் வழி: கருத்தைக் கதைக்குள் திணிக்காமல், கதைக்குள் ஏற்கனவே இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணப் பிள்ளை பட்டன், காட்டில் பொம்மக்கா, திம்மக்காவின் பாட்டைக் கேட்டு மயங்குகிறான். செருப்புத் தைக்கிற அவர்கள் அப்பா வாலப்பகடை, ‘குடுமியையும் பூணூலையும் எடுத்துவிட்டு எங்களைப்போலத் தோல்வேலை செய்தால் பெண் தருகிறேன்’ என்கிறார். பட்டன் செய்கிறான். பிறகு மாடு களவாட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்று தெய்வமாக நிற்கும் அவனுக்கு இன்றும் செருப்பைத்தான் காணிக்கையாக வைக்கிறார்கள். இதற்குமேல் சாதியைப் பற்றி நீங்கள் என்ன தனியாகப் பிரசங்கம் பண்ணப் போகிறீர்கள்?

சிக்கல் எங்கே என்றால், கதைக்கு இரண்டு வடிவம் உண்டு. ஒன்றில் அந்தப் பெண்கள் வாலப்பகடை பெற்ற பிள்ளைகள். இன்னொன்றில் அவர்கள் காட்டில் விடப்பட்ட பிராமணக் குழந்தைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று ஒரு பிறப்புக் கதை ஒட்டியிருக்கும். இது பின்னால் சேர்ந்த ஒட்டு என்று நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா.வானமாமலை எழுதியிருக்கிறார். அந்த ஒட்டைப் பாடினால் பட்டன் செய்தது ஒன்றுமில்லாமல் போகிறது. அவனே அறியாமல் சொந்த சாதியில் கட்டிக்கொண்டான் என்று முடிந்துவிடும். எதைப் பாடுவது என்பதை மேடையில் தீர்மானிக்காதீர்கள். அச்சாரம் வாங்கும் அன்றைக்கே கோயில்காரர்களிடம், ‘உங்க ஊர்ல எப்படிப் பாடுவாங்க அண்ணாச்சி?’ என்று கேளுங்கள். ஒட்டு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், வேறு கதை பாடித் தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். வீராப்பாக இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருகிறவனுக்கு அந்த ஊர் அடுத்த வருடம் கிடைக்காது. வேறு கதை பாடுகிறவனைக் கூப்பிடுவார்கள், ஒரு வருடம் அவர்களே முத்துப்பட்டனைக் கேட்பார்கள்.

கடைசிக் காட்சி இன்னும் கடினம். பட்டன் இறந்ததும் இரண்டு பெண்களும் தீயில் இறங்குகிறார்கள். முன்வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருப்பார்கள். வெட்டிவிடலாமா? கூடாது, அந்த இரண்டு பேரும் இன்றைக்குக் கும்பிடப்படுகிற தெய்வங்கள். பெருமையாகத் தூக்கிப் பாடவும் கூடாது. இந்த இடத்துக்குத்தான் புத்திசாலிப் பின்பாட்டுக்காரர் வேண்டும் என்றேன். இரவெல்லாம் ‘ஆமா’ போட்டுக்கொண்டிருந்தவர் இந்த ஓர் இடத்தில் ஆமா போடாமல், ‘தடுக்க ஒரு ஆள் இல்லையா அண்ணாவி?’ என்று கேட்கட்டும். அண்ணாவி பதில் சொல்லாமல் வீசுகோலை ஒரு தட்டுத் தட்டி அடுத்த விருத்தத்துக்குப் போய்விட வேண்டும். பதில் சொன்னீர்கள் என்றால் அது கூட்டப் பேச்சாகிவிடும். கேள்வியைப் பின்பாட்டுக்காரர்தான் கேட்க வேண்டும். அவர் ஊரின் வாய், அண்ணாவி கேட்டால் உபதேசம்.

புதுக் கதை கட்டும்போதும் இதே முறைதான். பேட்டையிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் பெண்களுக்கு நிகழ்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். புகையிலை கெடுதல் என்று அவர்களிடம் போய்ப் பாடுவதைப்போல அசட்டுத்தனம் வேறு இல்லை. தூசியைச் சுவாசிக்கிறவர்களே அவர்கள்தான். ஒரு வாரம் முன்னாலேயே திண்ணையில் போய் உட்கார்ந்து, இலை எடை குறைந்தால் என்ன செய்கிறார்கள், எந்தக் காரணம் சொல்லிக் கடையில் பீடியைக் கழிக்கிறார்கள், கார்டு யார் பேரில் இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். அதில் ஒரு அக்காவின் ஒரு நாளைக் கதையாக்குங்கள், பேரை மாற்றி. கடையில் பீடி கொடுத்துவிட்டு வருகிற நேரம் தெருவுக்குத் தெரு மாறும். அதைக் கேட்டுக்கொண்டு நிகழ்ச்சி நேரத்தைக் குறியுங்கள், அதிகாரி வருகிற நேரத்தை வைத்துக் குறிக்காதீர்கள். பாடி முடித்ததும் உடனே வில்லை அவிழ்க்காதீர்கள். ‘அப்படி இல்ல தம்பி, நடந்தது வேற’ என்று யாராவது ஒருத்தி எழுந்து வருவாள். அவளைக் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, சொல்வதைக் கேட்டு, அன்றைக்கு ராத்திரியே நோட்டில் எழுதிவிடுங்கள். அடுத்த தெருவுக்கு அதுதான் பாட்டு.