காலைத் தூக்குமுன் எடையை மாற்று



இந்தப் பாடத்தை உட்கார்ந்துகொண்டு தொடங்க முடியாது. எழுந்து ஒரு சுவர் ஓரமாகப் போய் நில்லுங்கள். வலது தோளும் வலது பாதத்தின் வெளிப்பக்கமும் சுவரோடு நன்றாக ஒட்டியிருக்கட்டும். இப்போது இடது காலைத் தூக்குங்கள்.

முடியவில்லை, இல்லையா? காலில் பலம் இல்லாததால் அல்ல. ஒரு காலைத் தூக்குமுன் நம் உடம்பு சத்தமில்லாமல் மறு கால் பக்கம் சாய்ந்துகொள்ளும். சுவர் அந்தச் சாய்வைத் தடுப்பதால் கால் எழ மறுக்கிறது. பத்துமலையில் 272 படி ஏறும்போதும் ஒவ்வொரு படிக்கும் இப்படித்தான் சாய்கிறோம். ஆனால் அது நமக்கே தெரிவதில்லை.

இது எனக்குப் புரிய ஒரு ரோபோ பலமுறை விழ வேண்டியிருந்தது. ஒரு தம்பியிடம் நான் மன்னிப்பும் கேட்க வேண்டியிருந்தது.

குதிரையாக நடக்க வேண்டிய ரோபோ

ஏபியு ரோபோகான், ஆசிய பசிபிக் வட்டார உயர்கல்வி மாணவர்கள் ரோபோ செய்து மோதும் போட்டி. 2002-இல் தோக்கியோவில் தொடங்கியது. 2006-இல் கோலாலம்பூரில் நடந்தது. 2016-இல் பாங்காக்கில் நம்ம யுடிஎம் வாகை சூடியது.

2019-இல் போட்டி மங்கோலியாவின் உலான்பாத்தாரில். அந்த நாட்டின் பழைய குதிரை அஞ்சல் முறைதான் கருப்பொருள். முதல் ரோபோ ஒரு தூதுச் சின்னத்தைக் கொண்டுவந்து இரண்டாவது ரோபோவிடம் கொடுக்க வேண்டும். அந்த இரண்டாவது ரோபோ குதிரையைப் போல நான்கு காலில் நடந்து போக வேண்டும். சக்கரத்தில் உருளக் கூடாது. வழியில் மணல்மேடு போன்ற ஒரு தடை, புல்புதருக்குப் பதிலாகக் கட்டிய கயிறுகள், கடைசியில் ஏற ஒரு சரிவு.

சக்கரம் வைத்த ரோபோவுக்கு நிற்பது ஒரு கவலையே இல்லை. மோட்டாரை நிறுத்தினாலும் அது நிற்கும். கால் வைத்த ரோபோவுக்கோ நிற்பதே முதல் வேலை.

அந்த விதிமுறையைப் பார்த்த ஆசையில் எங்கள் கல்லூரிக்குள்ளும் சின்ன அளவில் நான்கு கால் ரோபோ போட்டி ஒன்று வைத்தார்கள். 3 மீட்டர் தூரம், நடுவில் தாண்ட ஒரு மரக்கட்டை. எங்கள் அணியில் ஐந்து பேர். நிரல் எழுதியது நான். கால்களைச் செய்தது எங்களைவிட இரண்டு செமஸ்டர் இளைய ஒரு தம்பி. அப்பாவின் பட்டறையில் மிஞ்சிய அலுமினியத் தகட்டை அறுத்து, ராவி, ஒவ்வொரு காலையும் கையாலேயே செய்திருந்தான்.

நான் செய்த தவறு

போட்டிக்கு மூன்று வாரம். ரோபோ நன்றாக நின்றது. ஆனால் இடது முன்காலைத் தூக்கியதும் வலது முன்காலும் இடது பின்காலும் மடங்கும், பொத்தென்று விழும். பத்து தடவை பார்த்தேன், பத்து தடவையும் அதேதான். எல்லாருக்கும் முன்னால் அவனைத் திட்டினேன்.

“என் கோட்ல ஒரு தப்பும் இல்ல. உன் காலுதான் வாழைத்தண்டு மாதிரி மடங்குது.”

“அண்ணே, காலு சரியாத்தான் இருக்கு. கொஞ்சம் பாருங்களேன்...”

“முதல்ல கால மாத்து. அப்புறம் பேசு.”

அவன் பதில் பேசவில்லை. மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அவன் தவறை மற்றவர்களுக்குக் காட்டலாம் என்று நினைத்துத்தான் அன்றிரவு ரோபோவைக் கைப்பேசியில் மெதுவேகக் காணொளியாக எடுத்தேன். அதில் பிடிபட்டது என் தவறு. கால் தரையை விட்டு எழுந்த பிறகுதான் உடல் நகரத் தொடங்கியது. அந்த வரிசையை எழுதியது நான்.

முக்கோணக் கணக்கு

ஒரு தாளில் சதுரம் வரையுங்கள். நான்கு மூலைகளும் நான்கு பாதங்கள். மூலைவிட்டங்கள் இரண்டும் வெட்டும் நடுப்புள்ளிக்கு நேர் மேலே ரோபோவின் ஈர்ப்பு மையம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு பாதமும் தரையில் இருக்கும்வரை அந்தப் புள்ளி சதுரத்துக்குள் பத்திரமாக இருக்கும்.

இப்போது ஒரு மூலையை அழியுங்கள். மிச்சம் மூன்று பாதங்கள், ஒரு முக்கோணம். நடுப்புள்ளி எங்கே இருக்கிறது? முக்கோணத்தின் உள்ளே அல்ல, சரியாக அதன் விளிம்பின் மேல். அந்த விளிம்பின் இரு முனையிலும் இருக்கும் இரண்டு கால்கள் மொத்த எடையையும் தாங்குகின்றன. எதிர்மூலைக் கால் தரையைத் தொட்டுக்கொண்டு சும்மா நிற்கிறது.

எங்கள் ரோபோவின் எடை 2.4 கிலோ. எடையை மூன்று கால் சமமாகப் பங்கிட்டால் ஒரு காலுக்கு 0.8 கிலோ. பாதத்துக்கும் மூட்டுக்கும் இடையே கிடைமட்டத் தூரம் 8 சென்டிமீட்டர். 0.8-ஐ 8-ஆல் பெருக்கினால் 6.4 கிலோ-சென்டிமீட்டர். எங்கள் சர்வோ மோட்டாரின் உச்ச அளவு 10. ஆகவே தாங்கும். ஆனால் இரண்டே கால் தாங்கினால் ஒரு காலுக்கு 1.2 கிலோ, 1.2-ஐ 8-ஆல் பெருக்கினால் 9.6. உச்ச அளவு என்பது மோட்டார் திணறி நின்றுபோகும் இடம். அதன் பக்கத்தில் போனாலே மூட்டு மடங்கும், மின்கலத்தின் அழுத்தமும் இறங்கும்.

தம்பி செய்த கால்களில் பலம் இருந்தது. மூன்று பேர் சுமக்க வேண்டியதை இரண்டு பேர் தலையில் ஏற்றியது நான்தான்.

நிரலில் மாற்றியது வரிசையை மட்டும். முதலில் உடலை எதிர்மூலைக் கால் பக்கம் நகர்த்து. ஒரு கணம் நிறுத்து. பிறகு காலைத் தூக்கு, முன்னே கொண்டு போ, ஊன்று. அதன் பிறகே அடுத்த கால்.

கிள்ளானில் ஒரு மாலை

மறுநாள் கிள்ளானில் உள்ள அவன் வீட்டுக்குப் போனேன். “வாங்க தம்பி, சாப்டீங்களா?” என்று அவன் அம்மா கேட்டார். அந்தக் கேள்விக்கே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவனிடம் காணொளியைக் காட்டி, “தப்பு என்னுது. மன்னிச்சிடு தம்பி,” என்றேன்.

“அன்னைக்கே சொல்ல வந்தேன்ண்ணே. எல்லாரும் இருந்தாங்க, நீங்களும் கோவமா இருந்தீங்க,” என்றான். கொஞ்ச நேரம் காணொளியையே பார்த்தவன், “பாதம் வழுக்குது பாருங்க. பழைய சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டலாமா?” என்றான்.

எல்லாருக்கும் முன்னால் திட்டியவன் வீட்டுக்குள் மட்டும் மன்னிப்புக் கேட்டால் கணக்கு சரியாகாது. அடுத்த நாள் அணியின் முன்னாலும் சொன்னேன்.

மெதுவாகவா, வேகமாகவா?

நாங்கள் செய்தது தவழும் நடை. எப்போதும் மூன்று கால் தரையில் இருக்கும். நடுவில் எந்த நொடியில் நிறுத்தினாலும் விழாது, ஆனால் மெதுவானது. ஆறு கால் வைத்தால் மூன்று மூன்றாக மாற்றி மாற்றி ஊன்றலாம். எறும்பும் கரப்பான்பூச்சியும் அப்படித்தான் ஓடுகின்றன.

குதிரையின் துள்ளு நடையில் மூலைக்கு மூலை இரண்டு கால்கள் ஒன்றாக எழும். அந்த நொடியில் உடல் விழத் தொடங்கும். விழுந்து முடிப்பதற்குள் அடுத்த ஜோடி வந்து ஊன்றும். இதற்கு உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை உணர்வி கண நேரத்தில் சொல்ல வேண்டும். 1980-களில் அமெரிக்காவில் மார்க் ரெய்பர்ட் ஒற்றைக் காலில் குதிக்கும் ரோபோவைச் செய்தார். அது குதித்துக்கொண்டே இருந்தால்தான் விழாமல் இருக்கும். 1992-இல் பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவர்தான்.

முதல் ரோபோ செய்பவர்கள் தவழும் நடையிலேயே தொடங்குங்கள். விழாமல் நிற்கத் தெரிந்த பிறகு ஓடலாம்.

போட்டி நாளில் எங்கள் ரோபோ மரக்கட்டையில் தடுக்கி ஒரு முறை விழுந்தது. தம்பி அதைத் தூக்கி மறுபடி தொடக்கக் கோட்டில் வைத்தான். இரண்டாவது முயற்சியில் 3 மீட்டரையும் கடந்தது. பரிசு கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் ஐந்து பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டோம். மூன்று வாரத்துக்கு முன் அது நடந்திருக்காது.

செய்து பாருங்கள்

1. சுவர்ச் சோதனையை நண்பர்களோடு செய்யுங்கள். பிறகு சுவரை விட்டு விலகி, காலைத் தூக்குமுன் இடுப்பு எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள்.

2. உங்கள் ரோபோவின் எடை 3 கிலோ, மூட்டுத் தூரம் 6 சென்டிமீட்டர். மூன்று கால் தாங்கினால் ஒரு மூட்டுக்கு எவ்வளவு? இரண்டு கால் தாங்கினால் எவ்வளவு? 10 கிலோ-சென்டிமீட்டர் சர்வோ போதுமா?

3. உங்கள் குழுவில் கடைசியாக ஏதாவது ஒரு வேலை கெட்டுப்போனபோது யாரைக் குறை சொன்னீர்கள்? அவர் பேச வந்ததை முழுதாகக் கேட்டீர்களா? இதை மட்டும் குழுவாக உட்கார்ந்து பேசுங்கள்.